பால் இல்லாத இருபத்தேழு நாள்

இத்தாலியின் பலெர்மோ நகரிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் அல்பேனியர்களின் ஊர் ஒன்று இருக்கிறது என்பதே, அங்கே போய் அரைப்பட்டினி கிடக்கும்வரை எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பலெர்மோவின் லிபெர்த்தாத் தெருவில், நடக்க முடியாத கிழவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. திங்கள் காலையிலிருந்து சனி பின்னேரம்வரை அந்த வீட்டிலேயே தங்க வேண்டும். ஞாயிறு மட்டும் கபோவில், சந்தைக்கு மேலே இருந்த அறைக்கு வருவேன். அந்த அறையை மன்னாரைச் சேர்ந்த ஒரு நண்பனோடு பங்கு போட்டிருந்தேன். அவன் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், நான் சைவக்காரன். எங்களுக்குள் சண்டை வந்தால் அது மீன்குழம்புக்கு எவ்வளவு புளி விடுவது என்பதைப் பற்றித்தான் வரும்.

அந்த வருடம் அம்மாவைக் கொழும்புக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இருதயத்தில் வருத்தம். யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்க்க வழியில்லாமல் அக்காவும் அத்தானும் ஊரை விட்டு வெளிக்கிடப் பாஸ் எடுத்து, எத்தனையோ தடைகளைத் தாண்டி அவரைக் கூட்டிவந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் வைத்திருந்தார்கள். தொலைபேசி வீட்டுக்காரரின் முன்னறையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதற்கு எடுப்பேன். வீட்டுக்கார அம்மா சலித்துக்கொண்டே போய்க் கூப்பிடுவார். பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தால் அக்காவும் அம்மாவும் வந்து நிற்பார்கள். அம்மா முதலில் “சாப்பிட்டியோ” என்பார். பிறகு “பெர்மெஸ்ஸோ வந்திட்டுதோ” என்பார். இத்தாலியனில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அது.

பெர்மெஸ்ஸோ என்பது வதிவிட அனுமதி. புதுப்பிக்கக் கொடுத்து மாதக்கணக்காகிவிட்டது. பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் என் முறை வரவில்லை. கையில் இருந்தது ஒரு ரசீதுத் துண்டு மட்டும். அந்தத் துண்டோடு நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர முடியாது. அம்மா கண் மூடினாலும் என்னால் போக முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மாரி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தபோது அக்கா மட்டும் வந்தார். குரல் அடைத்திருந்தது. சளி பிடித்துத் தடிமன் என்றார்.

“தம்பி, ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறன். உன்ரை பெர்மெஸ்ஸோ கெதியாய் வரவேணும் எண்டு. இண்டையிலிருந்து இருபத்தேழு நாள் மச்சம் தொடாதை. மீன், இறைச்சி, முட்டை ஒண்டும் வேண்டாம்.”

“ஓம் அக்கா.”

“பாலும் வேண்டாம். தயிர், பட்டர், சீஸ் ஒண்டும் வேண்டாம்.”

“பால் என்ன பாவம் செய்தது?”

“சொன்னதைச் செய். இன்னொண்டு, இந்த இருபத்தேழு நாளும் கோயில் பக்கம் போகாதை. எல்லாம் முடிஞ்ச பிறகு போகலாம்.”

“சரி. அம்மாவிட்டைக் குடுங்கோ.”

“அம்மா நித்திரை.”

பலெர்மோவில் அப்போது மத்தியானம். கொழும்பில் பின்னேரம் ஐந்து மணி இருக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா படுத்ததாக என் வாழ்நாளில் நான் அறிந்ததில்லை. வருத்தக்காரி, மருந்து குடித்திருப்பார், நித்திரை கொள்வது நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தொலைபேசியை வைத்தேன்.

எங்கள் பக்கத்துச் சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: நேர்த்தி வைத்தவன் கோயிலுக்குப் போவான், கும்பிடுவான், அர்ச்சனை செய்வான். கோயிலுக்குப் போகாமல் விலகி நிற்பவன் துடக்குக்காரன். அவன் வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை மச்சம் தொடாமல், கோயில் வாசல் மிதிக்காமல் இருப்பான். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் அதை விரட்டினேன். அக்கா சொன்னது முப்பத்தொன்று அல்ல, இருபத்தேழு. நட்சத்திரம் இருபத்தேழு, ஆகவே இது ஏதோ நட்சத்திரக் கணக்கு என்று நானே ஒரு விளக்கத்தையும் கண்டுபிடித்துக்கொண்டேன். செத்தவீட்டுக்குப் பால் விலக்கில்லையே, பாலையும் விடச் சொன்னபடியால் இது நேர்த்திதான் என்று இன்னொரு விளக்கமும் வைத்திருந்தேன். பயந்தவனுக்குச் சாத்திரம் நன்றாக வரும்.

ஒரேத்தோப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தில் சுவாமிப் படங்கள் வைத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் பூசை செய்வார்கள். கிழவரின் மகன் வந்து அவரோடு இருக்கும் அந்த நேரத்தில் நானும் போய்வருவேன். அந்த வெள்ளி நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பிறகு யாரும் கேட்கவுமில்லை. வழமையாக ஒரு கிழமை தவறினாலே நாலு பேர் நாலு கதை கதைப்பார்கள். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை.

அதைவிடப் பயமாக இருந்தது என் நண்பனின் அன்பு. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் இறைச்சியை விடுகிறவன், ஞாயிற்றுக்கிழமையும் எனக்காக மரக்கறி சமைத்து வைத்திருந்தான். தேங்காய்ப் பால்கூட விடாமல் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தான். மாட்டுப்பாலைத்தானடா விடச் சொன்னவ, தேங்காய் என்ன மாட்டிலிருந்தா வருகிறது என்று நான் கேட்டேன். மற்ற நாளென்றால் அவன் அதற்கு ஒன்பது பகிடி விட்டிருப்பான். அன்று சிரிக்கவில்லை. கசெட்டில் பாட்டுப் போடவும் இல்லை. நான் பார்க்காத நேரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதே ஞாயிறு கொழும்புக்கு மறுபடி எடுத்தேன். அக்கா வந்தார். அம்மா நித்திரை என்றார். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. கிழவருக்குத் தான் பிறந்த ஊரில் ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமையை இன்னொருமுறை கழிக்க வேண்டும் என்று ஆசை. அவருடைய ஊர்தான் அந்த அல்பேனியர் ஊர். பியானா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மகன் காரில் கொண்டுபோய் விடுவதாகவும் நான் கூடவே பத்து நாள் தங்குவதாகவும் ஏற்பாடு. அதனால் அன்றைக்குக் கொழும்புக்கு எடுக்க நேரம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை இப்போது சொல்லலாம்.

வெளிக்கிடும்போது நண்பன் ஒரு பொதியைத் தந்தான். மைசூர்ப் பருப்பு, மிளகாய்த்தூள், தேசிக்காய் ஊறுகாய்.

“அங்கை என்னத்தைத் திம்பியோ தெரியாது மச்சான். ஏதும் எண்டால் எனக்குப் போன் எடு.”

“என்ன ஏதும்?”

“ஒண்டுமில்லை. சும்மா சொன்னனான்.”

கார் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. மேலே போனபோது கீழே ஒரு ஏரி தெரிந்தது, அதன்மேல் பனிப்புகார் படிந்திருந்தது. ஊருக்குள் தெருப் பெயர்கள் இரண்டு மொழியில் எழுதியிருந்தன. ஐந்நூறு வருடத்துக்கு முன்பு துருக்கியருக்குப் பயந்து அல்பேனியாவிலிருந்து கடல் தாண்டி வந்த அகதிகள் கட்டிய ஊர் இது என்று கிழவரின் மகன் பெருமையாகச் சொன்னார். இன்னும் தங்கள் மொழியைக் கதைக்கிறார்களாம், கோயிலில் கிரேக்க முறைப்படி பூசை செய்கிறார்களாம். ஊருக்குத் திரும்பிப் போனார்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். யாரும் போகவில்லை என்றார். கறுப்பு உடுப்புப் போட்ட பெண்கள் சிலர் கல்படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஊரை அந்த நிமிடமே பிடிக்காமல் போயிற்று.

வீட்டில் இருந்தவர் கிழவரின் தமையன் மகள். ஐம்பது வயதிருக்கும். பெறாமகள் என்று எங்கள் முறைப்படி வைத்துக்கொள்வோம். அவரும் கறுப்பு உடுப்புத்தான். தகப்பன் செத்து இரண்டு வருடமாகியும் மாற்றவில்லை. கிழவரோடு அல்பேனிய மொழியில் கதைப்பார், என்னோடு இத்தாலியனில் கதைப்பார். அவர் சொன்னதை எல்லாம் நான் என் பேச்சிலேயே எழுதுகிறேன், வேறு மாதிரி எனக்கு ஞாபகம் வருவதில்லை.

அன்று மத்தியானம் அடுப்பில் வேகவைத்த பாஸ்தா. உள்ளே கன்று இறைச்சி, முட்டை, சீஸ். இறைச்சி சாப்பிட மாட்டேன் என்றேன். இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தட்டைத் திரும்ப வைத்தார். முட்டையும் கூடாது என்றேன். முட்டையையும் பொறுக்கினார். சீஸ் என்றேன். அவர் கரண்டியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பால் கூடாது எண்டால் சரி. ரிக்கோத்தா சாப்பிடு.”

“ரிக்கோத்தாவும் பால்தானே, சின்யோரா.”

“ரிக்கோத்தா பால் இல்லை. ரிக்கோத்தா ரிக்கோத்தா.”

அந்த ஊரே ரிக்கோத்தாவில் மிதக்கிறது. செம்மறிப் பாலைக் காய்ச்சித் திரட்டிய வெள்ளைக் கட்டி அது. காலையில் பாணுக்குள், மத்தியானம் பாஸ்தாவின்மேல், பின்னேரம் சீனி போட்டுக் குழைத்து, பொரித்த குழாய்களுக்குள் அடைத்துக் கன்னோலோ என்று விற்பார்கள். சதுக்கத்தில் இருந்த பாரில் அந்தக் குழாய்கள் என் முழங்கை நீளத்துக்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வெறும் குழாயை மட்டும் தர முடியுமா என்று கேட்டேன். தரலாம், ஆனால் அது பன்றிக் கொழுப்பில் பொரித்தது என்றார் பார்க்காரர். நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார்.

திங்கட்கிழமை கிழவர் உறங்கிய நேரத்தில் ஊரின் ஒரே சாப்பாட்டுக்கடைக்குப் போனேன். கீரை இருக்கிறதா என்றேன். இருந்தது, கொழுப்பில் வதக்கியது. அவரைக் கறி இருந்தது, பன்றிக் கன்னத்து இறைச்சியோடு. சூப் இருந்தது, கோழி அவித்த தண்ணீரில். எதுவுமே இல்லாமல் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தண்ணீர் இருக்கிறது என்றார் கடைக்காரி. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

பாண்தான் என்னைக் காப்பாற்றியது. விறகு அடுப்பில் சுட்ட பெரிய பாண். இதற்குள் கொழுப்பு ஏதும் போடுவீர்களா என்று நான் கேட்டதற்குப் பாண்காரர் முகம் சிவந்துபோனார். மா, தண்ணீர், உப்பு, புளித்த மா, வேறொன்றும் இல்லை என்று ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினார். அந்தப் பாணைக் கிழித்து, ஒலிவ் எண்ணெயில் மிளகாய்த்தூளையும் வெங்காயத்தையும் உப்பையும் குழைத்துத் தொட்டுச் சாப்பிட்டேன். செவ்வாய் அதுவே. புதன் அதுவே, கூட ஒரு தோடம்பழம். நண்பன் தந்த பருப்பை அவிக்கலாம் என்று போனால், தன் அடுப்பில் இன்னொருவர் சட்டி வைப்பதில்லை என்று பெறாமகள் சொல்லிவிட்டார். நான் வாதாடவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

பசி மனிதனை ரோஷக்காரனாக்கும். அக்காவின்மேல் கோபம் கோபமாக வந்தது. இவர் கொழும்பில் இருந்துகொண்டு நேர்த்தி வைப்பார், நான் மலையுச்சியில் கிடந்து பாணைக் கிழிக்க வேண்டும். பால் தேத்தண்ணி ஒன்று குடிக்க நாக்குத் தவித்தது. யாருக்குத் தெரியப்போகிறது, ஒரு வாய் குடித்தால் என்ன என்று புதன்கிழமை காலை பால் போத்தலைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் மூடியைத் திறக்கக் கை வரவில்லை. நான் நேர்த்தியைத் தவறவிட்டால் பெர்மெஸ்ஸோ வராது என்ற பயம் அல்ல அது. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்ற பயம். பெர்மெஸ்ஸோவுக்கு வைத்த நேர்த்திக்கும் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னையே நான் கேட்கவில்லை. போத்தலைத் திரும்ப வைத்தேன்.

வியாழக்கிழமை கிழவர் பின்னேரப் பூசைக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். தெரு செங்குத்தான இறக்கம். சக்கர நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தேன். நடுவில் கண் இருண்டது. கை தளர்ந்தது ஒரு கணம்தான். நாற்காலி கிழவரோடு சேர்ந்து தானாகவே ஓடத் தொடங்கியது. அவர் சத்தம் போடவில்லை, தொப்பியை மட்டும் பிடித்துக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு அடி ஓடி ஒரு வீட்டு வாசல் படியில் மோதி நின்றது. நான் ஓடிப்போய் அவர் காலடியில் விழுந்து கை கால்களைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் வந்த பெறாமகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். கோயில் வாசல்வரை தானே தள்ளிக்கொண்டு போனார்.

வாசலில் நான் நின்றுவிட்டேன். எங்கள் ஆட்களுக்குப் பலெர்மோவில் எந்தத் தேவாலயமும் கோயில்தான், மாதாவும் அம்மன்தான். கோயில் பக்கம் போகாதே என்று அக்கா சொன்னால் அது இந்தக் கோயிலுக்கும் சேர்த்துத்தான். உள்ளே வா என்று பெறாமகள் கையைக் காட்டினார். தலையாட்டி மறுத்தேன். ஒன்றரை மணித்தியாலம் வெளியே குளிரில் நின்றேன். உள்ளே பொன் நிறப் படங்களுக்கு முன்னால் மெழுகுதிரிகள் எரிந்தன. ஆண்களும் பெண்களும் பாடியது எனக்கு ஒப்பாரியாகக் கேட்டது. அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது, எங்கே ஓடுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. ஊரில் மணி அடிக்கவில்லை. மணிக்குப் பதிலாகப் பையன்கள் மரப்பலகையைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு பெறாமகள் என்னை அடுப்பிருந்த குசினிக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு மண்கோப்பை. உலர்ந்த பெரிய அவரைப் பருப்பைக் கரைய அவித்து, காட்டுச் சோம்புக் கீரை போட்டு, மேலே ஒலிவ் எண்ணெய் விட்ட களி. மக்கோ என்று அதற்குப் பெயர். இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை, மீனும் இல்லை என்று நான் கேட்கும் முன்பே சொன்னார். இன்றைக்குத் தங்களுக்கும் எல்லாம் விலக்கு, முழு வீடும் உன்னைப் போலத்தான் என்றார். ஐந்து நாளாக நான் தேடிய சாப்பாடு ஆவி பறக்க முன்னால் இருந்தது. கரண்டியை எடுத்தேன்.

அவர் எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“இண்டைக்கு ஆர் செத்தது எண்டு எங்களுக்குத் தெரியும். உன்ரை வீட்டிலை ஆர் செத்தது?”

“ஒருத்தரும் இல்லை. இது நேர்த்தி.”

“நேர்த்தி வைச்சவன் கோயிலுக்கு உள்ளை வருவான். நீ வாசலிலை நிக்கிறாய். இறைச்சி வேண்டாம் எண்டுறாய், சவரம் செய்யேல்லை, ஆரோடையும் கதைக்கேல்லை. எங்கடை அப்பா செத்தபோது நாங்களும் இப்பிடித்தான் இருந்தம்.”

“அக்கா நேர்த்தி எண்டுதான் சொன்னவ.”

“எத்தினை நாள்?”

“இருபத்தேழு.”

அக்கா சொன்னது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் ஒரு நாலு நாளை வைத்தால் முப்பத்தொன்று. இந்தக் கணக்கைச் செய்ய ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? எனக்கு இருபது நாள் எடுத்தது. ஞாயிற்றுக்கு முந்திய புதன்கிழமை. அந்தப் புதன்கிழமை கிழவரின் மகன் வாள்மீன் கொண்டுவந்தார். நான்தான் பொரித்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

கரண்டியை வைத்துவிட்டு எழும்பினேன்.

சதுக்கத்துப் பாரின் மூலையில் ஒரு தொலைபேசி இருந்தது. வீட்டுக்கார அம்மா எடுத்தார். வழமையாக “ஆர்” என்று அதட்டுகிற மனுஷி, என் குரலைக் கேட்டதும் “தம்பியோ, சாப்பிட்டீங்களோ, வையாதேங்கோ, இந்தா கூப்பிடுறன்” என்றார். அதற்குமேல் எனக்கு எதுவும் தேவையாக இருக்கவில்லை. ஆனாலும் காத்து நின்றேன். அக்கா ஓடிவந்து மூச்சு வாங்குவது கேட்டது.

“அக்கா, அம்மாவோடை கதைக்க வேணும்.”

“அம்மா நித்திரை, தம்பி.”

“எழுப்புங்கோ.”

பாரில் இரண்டு பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“எழுப்புங்கோ அக்கா. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

அக்கா அழத் தொடங்கினார். அடக்கி வைத்திருந்த அழுகை, ஒரே தடவையில் வந்தது. நான் அழவில்லை. எனக்கு வாயில் வந்தது வேறு கேள்வி.

“ஆர் கொள்ளி வைச்சது?”

“அத்தான்.”

ஒரே மகன் நான். கொழும்பில், கனத்தை என்ற சுடலையில் என் இடத்தில் அத்தான் நின்றிருக்கிறார். அம்மா கண் மூடிய நாளில் நான் வாள்மீன் பொரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அக்கா விக்கி விக்கிச் சொல்லிக்கொண்டே போனார். அம்மாதான் ஆசுபத்திரியில் வைத்துச் சொன்னாராம். தனக்கு ஏதும் நடந்தால் அவனுக்குச் சொல்லாதே, அவன் அந்தத் துண்டையும் எறிந்துவிட்டு வெளிக்கிட்டு வந்துவிடுவான், வந்தால் திரும்பிப் போக முடியாது, பெர்மெஸ்ஸோ கையில் கிடைத்த பிறகு சொல் என்று.

“ஆனால் முப்பத்தொண்டு மட்டும் பிள்ளையை மச்சம் தின்ன விடாதை எண்டும் சொன்னவ. அதுக்கு நான் என்ன செய்யிறது, தம்பி? உனக்குச் சொல்லாமல் உன்னை எப்பிடித் துடக்குக் காக்க வைக்கிறது? அதுதான் நேர்த்தி எண்டு சொன்னனான். நாலு நாள் உன்னோடை கதைக்க வழியில்லாமல் போச்சு.”

“பால்?”

“என்ன?”

“பாலை ஏன் விடச் சொன்னனீங்கள்? துடக்குக்குப் பால் விலக்கில்லையே.”

“மச்சம் மட்டும் எண்டால் உனக்கு உடனை விளங்கியிடும். பாலையும் சேர்த்துச் சொன்னால் நேர்த்தி எண்டு நம்புவாய் எண்டு நினைச்சன்.”

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்பதை எழுத மாட்டேன். அம்மா செத்ததற்காகக் கத்தவில்லை, பாலுக்காகக் கத்தினேன். இரண்டு கடலுக்கு அப்பால் நின்று அழுதுகொண்டிருந்த ஒருத்தியை, பாலைச் சொல்லி ஏமாற்றினாய் என்று ஏசினேன். சீட்டு விளையாடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நண்பனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். ஒரேத்தோவில் பூசைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும், எல்லோரிடமும் கெஞ்சி வாயைக் கட்டி வைத்திருந்தேன் என்றார். பலெர்மோவில் எனக்கு மட்டும்தான் தெரியாது. அதுவும் பொய். எனக்கும் தெரியும். நான் கேட்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

“அந்தியேட்டிக்கு இன்னும் ஏழு நாள் இருக்கு,” என்றார் அக்கா. “இனிப் பால் குடிக்கலாம், தம்பி. சாப்பிடாமல் இருக்காதை.”

வீட்டுக்குத் திரும்பும் ஏற்றம் நீளமாக இருந்தது. எதிரே வந்தவர்கள் எல்லோரும் கறுப்பில் இருந்தார்கள், ஒருவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை. குசினிக் கதவு திறந்தபடியே கிடந்தது. பெறாமகள் நான் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கோப்பையை ஒரு தட்டால் மூடி வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆர்?” என்று மட்டும் கேட்டார்.

“அம்மா.”

அவர் தட்டை எடுத்தார். எங்களைப் போல அந்த ஊரிலும் சாவு நடந்த வீட்டில் அடுப்பு எரியாது, அயலவர்தான் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள், கொண்டுவந்தவர் செத்தவீட்டுக்காரர் சாப்பிட்டு முடிக்கும்வரை கூட இருக்க வேண்டும் என்று அவர் பிறகு எனக்குச் சொன்னார். அப்போது ஆறிப்போயிருந்த கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு வாய்கூட இறங்காது என்றுதான் நினைத்தேன். இறங்க வேண்டாம் என்றும் நினைத்தேன். அம்மா இல்லை என்று காதால் கேட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, ஒரு மகனுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ள வேண்டாமா? எனக்குப் பசித்தது. வெட்கம் கெட்ட பசி. முதல் வாய் வைத்ததும் கண்ணால் தண்ணீர் ஓடத் தொடங்கியது, கை மட்டும் நிற்கவில்லை. அழுதழுது அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். கோப்பையின் அடியைப் பாணால் துடைத்துத் தின்றேன். பிறகு தலையை நிமிர்த்தி, இன்னும் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன்.